கரட்டுக்குளத்துப் பனியன்

மயிலாள் இடுப்பளவுத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளைச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கி இறுக்கிச் செருகியிருந்தாள். கோரையை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, குளத்தின் நடுவில் நின்ற கருவேல மரங்களைப் பார்த்து நேராக நடந்தாள்.

பின்னால் காக்கிச் சட்டையோடு அப்படியே இறங்கிவிட்டார் குளத்துக் காவலாள் பழனிமுத்து. சேறு காலைப் பிடித்து இழுத்தது. ஒரு அதட்டுப் போட்டால் போதும், அவள் நின்றுவிடுவாள். ஆனால் அதட்ட முடியாது. எதிரே மரம் மரமாய்க் கூடு, கூட்டுக்குக் கூடு இறகு முளைக்காத குஞ்சு. ஒரு சத்தம் கேட்டால் தாய்ப் பறவைகள் மொத்தமாய்க் கிளம்பும். கிளம்புகிற வேகத்தில் கூடு சரியும், குஞ்சு தண்ணீரில் விழும், மிச்சத்தைக் காக்கை பார்த்துக்கொள்ளும். கரட்டுக்குளத்தைச் சர்க்கார் பறவைகளுக்கென்று பாதுகாப்பில் எடுத்த நாளிலிருந்து சுற்று வட்டாரத்தில் தீபாவளிக்குக்கூட வெடி கிடையாது.

ஆகவே அத்தனை அவசரத்திலும் பழனிமுத்து கிசுகிசுத்தார்.

"அம்மணி... அம்மணீ... நில்லு கண்ணு!"

கரையில் பனியன் கம்பெனிப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நாளெல்லாம் மிஷின் ஓசைக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய தொண்டைகள். இப்போது ஆளுக்கொரு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார்கள். சென்னம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டி, "வா, வா" என்று ஊமைபோலக் கூப்பிட்டாள். மயிலாளின் கணவனுடைய அண்ணன் ஆறுமுகசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

அத்தனை பேர் மனதிலும் ஒரே நினைப்புதான். புருஷன் செத்த தண்ணீரிலேயே இவளும் போய்ச் சேரப் பார்க்கிறாள்.

பழனிமுத்து எட்டி அவள் தோள் சேலையைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"என்ன காரியம் பண்றே அம்மணி? சின்ன வயசு. இந்த வயசுல இப்படி ஒரு முடிவா?"

"சாகறதுக்கு வரலீங்ணா." அவள் குரலில் கோபமுமில்லை, பதற்றமுமில்லை. "சாகப் போறவ சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டா வருவா?"

பழனிமுத்து சேலையை விடவில்லை.

"பின்னே எதுக்கு?"

"அந்த மரத்துல ஒரு பனியன் தொங்குதுங்க. அதைப் பாக்கோணும்."

"பனியனா? பனியன் கம்பெனியில இருந்து வந்து, பனியனுக்காடா சாமி தண்ணியில எறங்குவாங்க!"

"எறங்கிட்டனுங்க. பாக்காமத் திரும்ப மாட்டேன். வேணும்னாச் சத்தம் போட்டு ஆளைக் கூப்புடுங்க."

அவர் சத்தம் போட மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

போன வருஷம் கார்த்திகையில் இதே குளத்தில் ஒரு பிணம் மிதந்தது.

மயிலாளின் கணவன் ரத்தினசாமி அதற்கு முந்தைய வாரம் வீட்டை விட்டுப் போயிருந்தான். திருப்பூரில், மண்ணரைப் பக்கம் ஒரு சலவைப் பட்டறையில் அவனுக்கு வேலை. காடாத் துணியைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் போட்டு மிதித்து, அலசி, வெளுக்கிற வேலை. காலையில் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவன் வரவில்லை. மயிலாள் அழுதுகொண்டு ஆறுமுகசாமியின் வீட்டுக்கு ஓடினாள். அவர் ஊரில் இல்லை. ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்ததும் அவர்தான் போலீசுக்குப் போனார், அவர்தான் நாலு இடம் தேடினார். கடைசியில் குன்னத்தூர்ச் சாலையில் கரட்டுக்குளத்தில் ஒரு உடம்பு கிடக்கிறது என்று தகவல் கொண்டுவந்ததும் அவர்தான்.

"மூஞ்சியப் பாக்க வேண்டாம் மயிலா. மீனு தின்னிருக்குது" என்று அவர் குறுக்கே நின்றுகொண்டார். உடம்பு ஓலைப்பாயில் மூடிக் கிடந்தது. போலீஸ்காரர் ஒரு குச்சியில் ஈரப் பனியனைத் தூக்கிக் காட்டினார்.

"ஏம்மா, இது உன் புருஷனுதா?"

மயிலாள் பார்த்தாள். இடது தோளில், பின்னுகிற மிஷினின் ஊசி தவறவிட்ட ஓட்டையை அடைத்த தையல். உள்பக்கம் முடிச்சு இல்லை. முடிச்சு தோலை உறுத்தும் என்று மயிலாள் முடிச்சுப் போட மாட்டாள். அதற்குப் பதில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அது அவள் கைத்தையல். ரத்தினசாமியின் பனியன்களில் எல்லாம் இருக்கிற தையல்.

"ஆமாங்க" என்றாள்.

ஆறுமுகசாமி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு அந்தக் கரையில் அவரைவிடச் சத்தமாக அழுதவர் இல்லை. நாறிப்போன உடம்பை ஊருக்குத் தூக்க வேண்டாம் என்று குளத்து மேட்டிலேயே எரித்தார்கள். மயிலாளுக்கு வெள்ளைச் சேலை வந்தது.

அழுகை மட்டும் வரவில்லை. வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தபோது நடுவில் உட்கார்ந்து அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கமாகப் படுத்துக் கை மரத்துப் போகுமே, அதுபோல உள்ளே ஏதோ மரத்துக் கிடந்தது. கிள்ளினாலும் தெரியவில்லை. "நெஞ்சழுத்தக்காரி" என்றார்கள். "உள்ளுக்குள்ள என்னமோ இருக்குது" என்றார்கள். எட்டாம் நாள் காரியம் முடிந்து அவள் கம்பெனிக்குப் போய், டேமேஜ் பனியன் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூலைக் கோத்தாள். வேலை ஓடியது. வருஷமும் ஓடியது.

தைப்பொங்கல் முடிந்து பூப்பறிக்கிற நோம்பி வந்தது. கம்பெனிப் பெண்கள் எல்லோரும் லாரி பிடித்து எங்காவது தண்ணீர்க்கரைக்குப் போய், ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்து, கட்டுச்சோறு தின்றுவிட்டுப் பொழுதோடு திரும்புவது வழக்கம். இந்தத் தடவை கரட்டுக்குளம் என்று முடிவானது. பறவை பார்க்கலாம், தூரக்கண்ணாடி எல்லாம் தருகிறார்களாம் என்று யாரோ ஆசை காட்டியிருந்தார்கள். மயிலாளை நினைத்து இரண்டு பேர் தயங்கினார்கள். சென்னம்மாள் தயங்கவில்லை.

"நீயும் வாடி. பூப்பறிக்க வேண்டாம், சோத்துக் குண்டாவுக்குக் காவலா வா. ஊட்டுக்குள்ளயே உக்காந்தா சீலையோட நீயும் வெளுத்துப் போயிருவே."

"அங்கயாக்கா?"

"அங்கதான். ஒருக்காப் போய்ப் பாத்து ஒரு பாட்டம் அழுதுட்டு வந்துரு. கண்ணுல தண்ணி வராம வெச்சிருந்தா ஆகாது."

அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டரான ஆறுமுகசாமி மேற்பார்வைக்கு என்று லாரியின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கரட்டுக்குளம் என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனதை மயிலாள் பார்த்தாள். தம்பி நினைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

குளத்து மேட்டில் ஏறியதும் லாரியின் கூச்சல் மொத்தமும் அடங்கிவிட்டது. சத்தம் போடக் கூடாது என்று சர்க்கார் வைத்திருந்த பலகை பார்த்து அல்ல. பறவை பார்த்து.

தண்ணீருக்கு நடுவில் நின்ற கருவேல மரங்களில் இலையே தெரியவில்லை. கிளைக்குக் கிளை கொக்கு. அதற்கு மேல் அடுக்கில் மஞ்சள் மூக்கு நாரை, இறக்கையில் ரோஜா நிறம் தெளித்தது போல. உச்சாணியில் கூழைக்கடா இரண்டு, தாடைப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பெரிய மனிதர்கள் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தது போல உட்கார்ந்திருந்தன. கீழே நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயிலில் காயப் போட்டிருந்தது. தண்ணீரில் நாமக்கோழிகள் நெற்றியில் வெள்ளை இழுத்துக்கொண்டு திரிந்தன. அத்தனைக்கும் மேலே ஒரு நாற்றம். மீனும் எச்சமும் ஈரமும் சேர்ந்து பிளீச்சிங் தொட்டிக்குச் சமமாக மூக்கில் ஏறுகிற நாற்றம்.

"பட்டறையில சலவை போட்ட துணியெல்லாம் மரத்துல காயப் போட்டாப்புல இருக்குது பாருங்கடி" என்றாள் சென்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு.

பழனிமுத்து வந்து சட்டம் சொன்னார். கூச்சல் கூடாது. கல் எறியக் கூடாது. கரையோரம் நிற்கலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது.

"கும்மி?" என்றாள் சென்னம்மாள்.

"அடிக்கக் கூடாதுங்க."

"கும்மியடிக்கக் கூடாதுன்னா எங்களுக்குக் கை எதுக்குங்ணா?"

"பூப்பறிக்கத்தானுங்க வந்தீங்க? பூவுக்குச் சத்தம் கெடையாது."

கடைசியில் ஒரு ஏற்பாடு ஆயிற்று. பெண்கள் ஆவாரம்பூக் கூடையை நடுவில் வைத்து வட்டமாகச் சுற்றினார்கள். கையைத் தட்டும் இடம் வந்ததும் உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. பாட்டு உதட்டில் ஓடியது, வெளியே வரவில்லை. வளையல் சத்தம்கூடக் கேட்கக் கூடாதென்று முழங்கை வரை ஏற்றிக்கொண்டார்கள். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் நின்றுபோய், ஓசையே இல்லாத கும்மி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

சோற்றுக் குண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மயிலாளுக்கு, இந்த ஒரு வருஷமாகத் தன் உள்ளே நடப்பது இதுதான் என்று தோன்றியது.

அப்போதுதான் ஒரு வயதான அம்மாளைக் கவனித்தாள். மேட்டின் ஓரத்தில், பனைமரத்து நிழலில், குளத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காதில் தண்டட்டி. கையில் ஒரு தூக்குப் போசி. நோம்பிக்கு வந்தவள் போலத் தெரியவில்லை.

மயிலாள் நோம்பிப் பலகாரமான கச்சாயம் இரண்டை எடுத்துப் போய்க் கொடுத்தாள்.

"எந்தூருங்காத்தா?"

"குன்னத்தூருப் பக்கம் சாமி. பேரு பெரியாத்தா." கச்சாயத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. "நீங்க திருப்பூரா?"

"ஆமாங்க. பறவை பாக்க வந்தீங்களா?"

"பறவையா? பறவையப் புடிக்கப் போயித்தான் என்ற பையன் போயிட்டான்." அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "அந்தக் காக்கிச் சட்டைக்காரருகிட்டச் சொல்லிப் போடாதே கண்ணு. அர்த்தநாரின்னு ஒரே பையன். காட்டுல வெள்ளாமை இல்லாத நாள்ல இங்க வந்து கண்ணி வெப்பான். முன்னெல்லாம் ஆரும் கேக்கறதில்லை. சர்க்காரு பலகை வெச்சதுக்குப் பொறகு கண்ணி வெச்சா ஜெயிலுங்கறாங்க. போன வருசம் கார்த்திகையில ஒரு நாள் போனவன், வரவேயில்லை."

"போலீசுக்குச் சொல்லலீங்களா?"

"என்னன்னு சொல்றது? பறவை திருடப் போனான்னா? எங்கியாவது புடிச்சுப் போட்டிருப்பாங்க, உட்டா வருவான்னு இருந்தேன். வரலை. அப்பப்ப வந்து இப்படி உக்காந்துக்குவேன். அந்தக் கார்த்திகையில இங்க ஒரு பொணம் எடுத்தாங்களாம். ஓடி வந்து கேட்டேன். அது திருப்பூர்க்காரங்களுது, அவிங்க சம்சாரமே வந்து பாத்துச் சொல்லிட்டாங்கன்னாங்க. வகுத்துல பாலை வாத்தாங்க."

மயிலாள் தன் வெள்ளைச் சேலையின் முந்தானையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போறப்ப... என்ன போட்டிருந்தானுங்க?"

"என்னத்தப் போடுவான். அரைக்கால் டவுசரு, பனியனு. குன்னத்தூர்ச் சந்தையில ரெண்டு பனியன் வாங்கினான். உங்கூருச் சரக்குத்தான், கழிச்சுக் கட்டுனது, எடை போட்டுத் தருவாங்க. ஒன்னைப் போட்டுக்கிட்டான். இன்னொன்னைக் கழுத்தையும் கையையும் முடிஞ்சு பையாட்டம் பண்ணி, கண்ணியெல்லாம் அதுல போட்டு எடுத்துட்டுப் போனான்."

"பனியன் தோள்ல..." மயிலாள் தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். "தோள்ல ஏதாவது தையல் அடைச்சிருந்துச்சுங்களா?"

"கழிச்சுக் கட்டுனதுன்னா அடைக்காமயா சாமி இருக்கும்?"

மயிலாள் எழுந்தாள். நேராகத் தூரக்கண்ணாடி இருந்த இடத்துக்குப் போய்ச் சென்னம்மாளின் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். பறவையைப் பார்க்கவில்லை. அந்தப் பனியன் பை எங்காவது தொங்குகிறதா என்று ஒவ்வொரு மரமாகக் கிளைகளின் இடுக்கைப் பார்த்தாள். கூடு, குஞ்சு, எச்சம், குச்சி, கூடு. நடு மரத்தில், நாரைக் கூட்டுக்கு அடியில், பழுப்பேறிய ஒரு துணி மூட்டை தொங்கியது. ஒரு பக்கம் முடிச்சு. அந்த முடிச்சில் பனியனின் கைவிளிம்பு.

கண்ணாடியைச் சென்னம்மாளிடம் திருப்பிக் கொடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள்.

இப்போது மரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள். தண்ணீர் மார்பளவுக்கு வந்துவிட்டது. மேலிருந்து எச்சம் சொட்டியது. ஒரு நாரை கழுத்தை வளைத்து அவர்களைப் பார்த்து, அலகை அலகோடு தட்டியது. தறிநாடா போகிறபோது வருமே, அந்தச் சத்தம். கூட்டு விளிம்பில் குஞ்சுகள் பஞ்சுபோலத் தலையை நீட்டி வாயைத் திறந்தன.

"ஆடாதே" என்றார் பழனிமுத்து. "அது நம்மளப் பாத்துட்டு உக்காந்துரும். நாம அவசரப்பட்டாத்தான் கெளம்பும்."

இருவரும் அசையாமல் நின்றார்கள். நாரை இன்னொரு தரம் தட்டிவிட்டு, காலை மடித்துக் குஞ்சுகளின் மேல் உட்கார்ந்தது. பழனிமுத்து மெள்ளக் கையை உயர்த்தி, முள்ளில் சட்டைக்கை கிழிய, மூட்டையைக் கிளையிலிருந்து கழற்றினார்.

"காக்கா தூக்கிட்டு வந்த குப்பைன்னு நெனச்சு உட்டுட்டனே" என்று முணுமுணுத்தார். முடிச்சை அவிழ்த்தார். உள்ளே நரம்புச் சுருக்குகள், மூங்கில் முளைகள். அவர் முகம் மாறியது. "இது கண்ணி! எவனோ இந்த மரத்துல ஏறியிருக்கான்."

மயிலாளுக்குக் கண்ணியைப் பற்றிக் கவலையில்லை. பனியனை வாங்கி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, இடது தோளைத் தேடினாள்.

அடைப்புத் தையல். முடிச்சு இல்லை. சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

"என்ன அம்மணி?"

"என்ற தையலுங்க."

"அப்ப உம்பட ஊட்டுக்காரரு பனியனா?"

"தெரியலீங்க." அவள் அந்தக் குறியை விரலால் தடவினாள். "இதை வெச்சுத்தானுங்க அன்னிக்கு நான் ஆமான்னு சொன்னேன்."

பழனிமுத்து அவளையும் பனியனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நனைந்த காக்கிச் சட்டையின் பொத்தானை அவிழ்த்துத் தோளை விலக்கி, உள்ளே போட்டிருந்த பனியனைக் காட்டினார்.

"நானும் குன்னத்தூர்ச் சந்தையிலதான் வாங்கறேன். என்றதுல இருக்குதான்னு பாரு."

மயிலாள் பின்கழுத்து விளிம்பைப் புரட்டினாள். உள்ளே பெருக்கல் குறி.

மயிலாள் எத்தனை வருஷமாக அந்தக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்! அடைத்து அடைத்துத் தூக்கிப் போட்ட பனியன்கள் மூட்டை மூட்டையாக எடைக்குப் போய், சந்தை சந்தையாக விற்று, இந்தப் பக்கத்துக் காட்டில் ஏர் ஓட்டுகிறவன், கிணறு வெட்டுகிறவன், கண்ணி வைக்கிறவன், அவனைப் பிடிக்கிறவன் என எத்தனை பேர் முதுகில் ஏறியிருக்கின்றன! இது அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அன்றைக்கு ஈரப் பனியனில் தன் கையைத் தானே பார்த்தபோது, அது தன் வீட்டு ஆள் என்பதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. கண் தையலோடு நின்றுவிட்டது. உடம்பைப் பார்க்கவேயில்லை.

உடம்பு!

ரத்தினசாமிக்கு விரலில் நகம் கிடையாது. பட்டறைக்காரர்கள் எல்லோருக்குமே அப்படித்தான். பிளீச்சிங் பவுடர் நகத்தை அரித்து, விரல் நுனியெல்லாம் வெந்த கிழங்குபோல ஆகிவிடும். கீழே விழுந்த ஊசியை அவனால் எடுக்க முடியாது. "இந்தா, உன்ற சாமானம்" என்று காலால் காட்டுவான், மயிலாள்தான் குனிந்து எடுப்பாள். மீன் முகத்தைத் தின்னும். தின்ற மீன், போன நகத்தைக் கொண்டுவந்து வைக்காது.

"ஏனுங்ணா, அன்னிக்கு அந்த உடம்பை எடுத்தது நீங்கதானுங்களே?"

"நான் கயித்தைப் போட்டு இழுத்தேன். அதோட சரி. வாடை தாங்கலை, தள்ளி நின்னுக்கிட்டேன். தண்ணி வாத்து, துணி சுத்துனதெல்லாம் கரையில நிக்கறாரே, உங்க ஊட்டு மாமா, அவருதான். ஆரையும் கிட்ட உடலை."

மயிலாள் கரையைப் பார்த்தாள். ஆறுமுகசாமி இன்னும் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தபடி நின்றார். அவர் பார்வை அவள் முகத்தில் இல்லை. அவள் கையிலிருந்த பனியனில் இருந்தது.

திரும்பி வந்தபோது பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். சென்னம்மாள் தன் முந்தானையால் அவள் தலையைத் துவட்டி, சத்தம் வராமல் முதுகில் ஓர் அறை வைத்தாள்.

"உசுரே போயிருச்சுடி பாவி! சொல்லிட்டுப் போறதுக்கு என்ன கேடு உனக்கு?"

மயிலாள் அவளை விலக்கிக்கொண்டு ஆறுமுகசாமியின் முன்னால் போய் நின்றாள். பல் நடுங்கியது, குரல் நடுங்கவில்லை.

"மாமா, அன்னிக்குத் துணி சுத்துனீங்களே. கையில நகம் இருந்துச்சுங்களா?"

"என்ன கேள்வி இது? ஈரத்தோட நிக்காதே. லாரிக்குப் போ மயிலா."

"நகம் இருந்துச்சுங்களா மாமா?"

அவர் பழனிமுத்துவைப் பார்த்தார். சென்னம்மாளைப் பார்த்தார். குளத்துக்கு அப்பால் தெரிந்த கரட்டைப் பார்த்தார். வீட்டில் என்றால் ஒரு அதட்டலில் முடித்திருப்பார். இங்கே அதட்ட வழியில்லை.

"இருந்துச்சு" என்றார் கடைசியில்.

"எல்லா வெரல்லயுமா?"

"எல்லா வெரல்லயும் இருந்துச்சு."

மயிலாள் தலையை ஆட்டினாள். அவளுக்கு ஏதாவது ஆகியிருக்க வேண்டும். தலை சுற்றியிருக்க வேண்டும், அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை. மரத்த கை மரத்தே கிடந்தது. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பனைமரத்து நிழலில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

பெரியாத்தாள் அதற்குள் எழுந்து அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள். பழனிமுத்துவின் கையிலிருந்த சுருக்குகளைப் பார்த்தாள். மயிலாளின் கையிலிருந்த பனியனைப் பார்த்தாள். கைவிளிம்பில் போட்டிருந்த முடிச்சைப் பார்த்ததும் நடை நின்றது.

"எங்கிருந்துச்சு சாமி?"

"மரத்துல இருந்துச்சுங்காத்தா."

"பையன்?"

மயிலாள் அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து மேட்டின் மறுபக்கம் கூட்டிக்கொண்டு போனாள். ஆறுமுகசாமியும் பின்னாலேயே வந்தார். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நிற்கவும் அவரால் முடியவில்லை. ஆவாரஞ்செடிகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் செடியில்லை. ஒரு வருஷ மழையிலும் மண் கறுப்பு முழுதாகப் போகவில்லை.

"இங்கீங்காத்தா" என்றாள் மயிலாள். "திருப்பூர்க்காரங்களுதுன்னு சொன்னாங்களே, அது நாந்தானுங்க. பனியனைப் பாத்து ஏமாந்து போயிட்டனுங்க. எரிச்சது உங்க பையனை."

பெரியாத்தாள் மண்ணைப் பார்த்தாள். வாய் திறந்தது. நெஞ்சுக்கூடு மேலே ஏறியது. ஊரைக் கூட்டுகிற ஓலம் அது. வரப்போகிறது என்று பழனிமுத்துவுக்குத் தெரிந்தது. அவர் தடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். ஓலம் வரவில்லை. அம்மாள் வாயை மூடிக்கொண்டு, தூக்குப் போசியைக் கீழே வைத்து, கறுப்பு மண்ணின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தலை எந்தப் பக்கம் வெச்சீங்க?" என்று கேட்டாள்.

"தெக்காலீங்க" என்றார் ஆறுமுகசாமி.

"கொள்ளி வெச்சது ஆரு?"

"நானுங்க."

"மொட்டை அடிச்சீங்களா?"

"அடிச்சனுங்க."

"நல்லா இருங்க." அவள் ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்தாள். பிறகு நிமிர்ந்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல, அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்ப உங்க தம்பி?"

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பறவைகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சொல்லுங்க மாமா" என்றாள் மயிலாள். "மெதுவாவே சொல்லுங்க. குஞ்சு இருக்குது."

"ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு உன்னை நாலு பேரு பேசறதை என்னால பாக்க முடியாது மயிலா. தாலியறுத்தவள்னா யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. அப்படித்தான் நெனச்சேன். பொணத்துக்கு ஆளுமில்லை..." அவர் அந்தக் கறுப்பு மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஈரோட்டுக்கு நான் கல்யாணத்துக்குப் போகலை. ரத்தினத்தையும் பட்டறையில அவனோட வேலை செஞ்ச பொம்பளையையும் பம்பாய் ரயில்ல ஏத்தி உடறதுக்குப் போனேன்."